புதிய நாட்டின் வெயில்

ஆண்டு முழுவதும் வெயிலில் வாழும் ஒருவருக்குக் கோடைக்காலத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்றே தோன்றும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜப்பானுக்குப் படிக்கச் செல்லும் மாணவர்கள் பலர் குளிருக்குத்தான் அஞ்சுகின்றனர். பயணப் பெட்டியில் கம்பளிச் சட்டையும் கையுறையும் இடம்பெறும். வெயிலுக்கென்று எதுவும் இடம்பெறாது. ஆனால், குளிர்காலத்தைவிடக் கோடைக்காலமே தங்களை அதிகம் வாட்டியது என்று கூறும் வெளிநாட்டவர் அங்கு உண்டு. “வெப்ப நாட்டிலிருந்து வந்தவருக்கு இந்த வெயில் ஒரு பொருட்டா?” என்ற எண்ணமே அவர்களுக்கு ஆபத்தாக முடியக்கூடும்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் 3.7 மில்லியனுக்கும் அதிகமான வெளிநாட்டவர் வாழ்ந்தனர். சீனா, வியட்நாம், தென்கொரியா, பிலிப்பீன்ஸ், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் மிகுதி. 1982ஆம் ஆண்டில் மலேசியா தொடங்கிய ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யின் வழியாக மலேசிய மாணவர்களும் பயிற்சியாளர்களும் அங்குச் சென்று வருகின்றனர். இவ்வாறு சென்றவர்களில் சிலர் பல்கலைக்கழகங்களில் படிக்கின்றனர். வேறு சிலர் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் கட்டுமானத் தளங்களிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிகின்றனர். இவர்கள் அனைவருக்கும் ஜப்பானின் கோடை ஒரு சோதனைக்காலம்.

எண்கள் காட்டும் உண்மை

மலேசியாவில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை செல்சியஸ். அது 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. சிங்கப்பூரில் பதிவான உச்சம் 37 பாகை. ஜப்பானிலோ, 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், குன்மா மாநிலத்தின் இசெசாக்கி நகரில் வெப்பநிலை 41.8 பாகையைத் தொட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இரு நாடுகளையும்விட, பனி பொழியும் ஒரு நாட்டில் வெப்பம் கூடுதலாகப் பதிவாகியிருப்பது வியப்பைத் தரலாம். அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, பகற்பொழுதின் நீளம். நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே நீடிக்கும். தோக்கியோவில் ஜூன் மாதப் பகல் பதினான்கரை மணி நேரம் நீள்கிறது. காலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். நிலமும் கட்டடங்களும் அத்தனை நேரமும் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன.

இரண்டாவது, காற்றின் ஈரப்பதம். கோடையில் பசிபிக் பெருங்கடலின் மேல் உருவாகும் உயர் காற்றழுத்தம், சூடான ஈரக்காற்றை ஜப்பானை நோக்கி அனுப்புகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. அது உலராதபோது உடலின் வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

மூன்றாவது, நிலத்தின் அமைப்பு. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று, இறங்க இறங்கச் சூடாகிறது. இதனால் மலையடிவாரத்தில் உள்ள உள்நாட்டு நகரங்களில் வெப்பநிலை திடீரென உயர்கிறது. மலைகள் சூழ்ந்த கியோத்தோவில் காற்றோட்டம் குறைவு. பெருநகரங்களில் தாரும் சிமெண்டும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியிடுகின்றன.

ஜப்பானிய வானிலை ஆய்வகம் வெப்பமான நாள்களைத் தரம்பிரித்துப் பெயரிட்டுள்ளது. வெப்பநிலை 30 பாகையை எட்டும் நாள் ‘மனாட்சுபி’ எனப்படும். 35 பாகையை எட்டும் நாள் ‘மோஷோபி’. வெப்பநிலை 25 பாகைக்குக் கீழ் இறங்காத இரவு ‘நெத்தாய்யா’ எனப்படுகிறது. இச்சொல்லின் நேர்ப்பொருள் ‘வெப்பமண்டல இரவு’ என்பதாகும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய இரவுகள் வழக்கமானவை. அவற்றுக்குத் தனிப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. ஜப்பானிலோ அவ்விரவு எச்சரிக்கைக்குரியது.

உடலின் மறதி

வெயிலில் வளர்ந்த ஒருவர் ஜப்பானிய வெயிலில் ஏன் தளர்ந்துபோகிறார்? இதற்கு உடலின் இயல்பே விடை தருகிறது. வெப்பமான சூழலில் தொடர்ந்து இருக்கும்போது உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வியர்வை விரைவாகச் சுரக்கிறது. அவ்வியர்வையில் வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. இந்த மாற்றம் ஏற்படச் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும். ஆயினும், இது நிலையான உடைமையன்று. குளிர்ந்த சூழலில் சில வாரங்கள் வாழ்ந்தாலே உடல் அப்பழக்கத்தை இழந்துவிடும்.

ஜப்பானில் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அப்போது காலை வேளைகளில் குளிர் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் தோக்கியோ வட்டாரத்தில் ‘ட்ஸுயு’ எனப்படும் மழைக்காலம் தொடங்கி, பெரும்பாலும் ஜூலை நடுப்பகுதிவரை நீடிக்கும். இச்சொல்லை எழுதும் எழுத்துகளுக்குப் ‘பிளம் மழை’ என்பது பொருள். அந்நாள்களில் வானம் மூடியே இருக்கும், துணிகள் உலரா, சுவர்களில் பூஞ்சணம் படரும். மழை நின்ற மறுநாளே சுட்டெரிக்கும் வெயில் தொடங்கிவிடும். வெப்பத்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவோரின் எண்ணிக்கை திடீரென உயர்வதும் அந்த நாள்களில்தான். அதற்குள் வெப்ப நாட்டிலிருந்து வந்தவரின் உடலும் வெயிலை மறந்திருக்கும். அவருடைய மனம் மட்டுமே, “எனக்கு வெயில் பழக்கம்” என்று சொல்லிக்கொண்டிருக்கும். மனத்தின் நினைவுக்கும் உடலின் மறதிக்கும் இடையிலான இந்த வேறுபாட்டில்தான் ஆபத்து ஒளிந்துள்ளது.

வீட்டுக்குள்ளும் வெப்பம்

வெப்பத்தால் உடல்நலம் குன்றுவதை ஜப்பானியர் ‘நெச்சூஷோ’ என்று அழைக்கின்றனர். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் நினைவு தடுமாறும், உயிரும் போகலாம். 2024ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை 97,000க்கும் அதிகமானோர் இதனால் அவசர மருத்துவ வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். நோய்வாய்ப்பட்ட இடங்களைப் பட்டியலிட்டால், முதலிடம் பெறுவது சாலையோ விளையாட்டுத் திடலோ அன்று, வீடுதான். மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிரூட்டியை நிறுத்திவிட்டு உறங்குவது உயிருக்கே கேடாகலாம். வாடகை குறைந்த பழைய அறையில் தங்கிச் சிக்கனமாக வாழும் வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும்.

இந்நிலையைச் சமாளிக்க ஜப்பானிய அரசு பல ஏற்பாடுகளைச் செய்துள்ளது. வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்றின் வெப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் ‘வெப்பக் குறியீடு’ அங்குப் பயன்படுத்தப்படுகிறது. வெட்டவெளியில் இக்குறியீட்டைக் கணக்கிடும்போது ஈரப்பதத்தைக் காட்டும் அளவுக்கு எழுபது விழுக்காட்டு முக்கியத்துவம் தரப்படுகிறது. குறியீடு 31ஐ எட்டினால் உடற்பயிற்சியை நிறுத்திவிட வேண்டும் என்பது பொது விதி. 33ஐ எட்டும் என்று கணிக்கப்பட்டால் ‘வெப்பத் தாக்க எச்சரிக்கை’ விடுக்கப்படும். 2021ஆம் ஆண்டு முதல் இந்த எச்சரிக்கை நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. முதல் நாள் மாலை 5 மணிக்கும் அன்று காலை 5 மணிக்கும் அது வெளியிடப்படுகிறது. இதே வகைக் குறியீட்டைக் கொண்டு சிங்கப்பூரும் 2023ஆம் ஆண்டு முதல் மக்களுக்கு ஆலோசனை வழங்கி வருகிறது.

2024ஆம் ஆண்டு முதல் இன்னும் கடுமையான ‘சிறப்பு எச்சரிக்கை’யும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அது விடுக்கப்படும் நாளில், நகராட்சிகள் முன்கூட்டியே அறிவித்த குளிர்ச்சிப் புகலிடங்களைத் திறந்துவைக்க வேண்டும். நூலகங்கள், சமூக மண்டபங்கள், கடைத்தொகுதிகள் போன்றவை அவ்வாறு பயன்படுகின்றன. வீட்டில் குளிரூட்டி இல்லாதவரும் அங்குச் சென்று இளைப்பாறலாம். வெயிலில் உழைப்பவர்களைக் காக்க, 2025 ஜூன் முதல் நாளிலிருந்து மற்றொரு விதியும் நடப்புக்கு வந்தது. கடும் வெப்பத்தில் நீண்ட நேரம் வேலை வாங்கும் முதலாளி, தொழிலாளிக்கு உடல்நலம் குன்றினால் யாரிடம் தெரிவிப்பது, என்ன செய்வது என்பதை முன்கூட்டியே வகுத்து, அனைவருக்கும் அறிவித்திருக்க வேண்டும். இவ்விதி உள்ளூர்த் தொழிலாளிக்கு மட்டுமன்றி, வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உரியது.

உயிர் காக்கும் எளிய மொழி

எச்சரிக்கை விடுக்கப்பட்டாலும், அது புரியாதவருக்குப் பயன் தராது. ஊர் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு ஒலிக்கிறது. கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது. இரண்டும் கடினமான ஜப்பானிய மொழியில் இருந்தால், புதிதாக வந்தவர் அவற்றைப் பொருட்படுத்தாமல் நடந்துவிடுவார்.

இச்சிக்கலை ஜப்பானியர் ஒரு பேரிடரின்போதுதான் உணர்ந்தனர். 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அங்கு வாழ்ந்த வெளிநாட்டவர் பலர், தண்ணீர் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்ற அறிவிப்புகளைப் புரிந்துகொள்ள முடியாமல் தவித்தனர். அத்தனை மொழிகளிலும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பது இயலாத செயல். அதனால், ஜப்பானிய மொழியையே எளிதாக்கிப் பேசினால் என்ன என்று ஹிரோசாக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிந்தித்தனர். அச்சிந்தனையின் விளைவே ‘யசாஷீ நிஹொங்கோ’, அதாவது ‘எளிய ஜப்பானியம்’.

அதன் விதிகள் மிகச் சில. வாக்கியம் சுருக்கமாக இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியே இடம்பெற வேண்டும். கடினமான சொல்லுக்குப் பதிலாக அன்றாடச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, கோடைக்கால அறிவிப்புகளில் ‘சுய்புன் ஹொக்யூ’ என்ற தொடர் அடிக்கடி வரும். ‘நீர்ச்சத்தை ஈடுசெய்தல்’ என்பது அதன் பொருள். எளிய ஜப்பானியத்தில் அது ‘மிஸு ஓ நொந்தே குதாசாய்’ என்று மாறும். அதாவது, ‘தண்ணீர் குடியுங்கள்’. முதல் தொடர் செய்தித்தாளுக்குப் பொருத்தமானது. இரண்டாவது, மொழியைக் கற்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே ஒருவருக்குப் புரியக்கூடியது. 2020ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசே எளிய ஜப்பானியத்துக்கான வழிகாட்டியை வெளியிட்டது. வெளிநாட்டவருக்காக உருவான இம்மொழிநடை முதியோருக்கும் சிறுவருக்கும் பயன்படுவதைப் பலரும் உணர்ந்தனர்.

மொழியை எளிதாக்குவது ஊராரின் பொறுப்பு என்றால், சில சொற்களையாவது கற்றுக்கொள்வது வந்தவரின் பொறுப்பு. ‘நெச்சூஷோ’ என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டவர் தொலைக்காட்சி எச்சரிக்கையை அடையாளம் காண முடியும். அவசர மருத்துவ வண்டியை அழைக்கும் எண் 119 என்பதை அறிந்தவர் ஒரு நண்பனைக் காப்பாற்ற முடியும். வெயிலில் ஒருவர் மயங்கினால் அவரை நிழலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களைக் குளிர்விக்க வேண்டும். அழைத்தும் சரியாகப் பதில் கூறவில்லையென்றால் உடனே 119ஐ அழைக்க வேண்டும். தெளிவாகப் பேசுபவருக்குத் தண்ணீர் தரலாம். அதைத் தானாகக் குடிக்க இயலாவிட்டால் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஊரார் கற்றுத்தரும் கோடை

கோடையை அஞ்சும் ஜப்பானியரே அதனைக் கொண்டாடவும் செய்கின்றனர். குளிரூட்டி வருவதற்கு முன்பே வெப்பத்தைத் தணிக்கும் வழிகளை அவர்கள் கண்டறிந்திருந்தனர். மூங்கிலால் பின்னிய ‘சுதாரே’ என்னும் திரையைச் சன்னலில் தொங்கவிட்டு வெயிலை வெளியிலேயே தடுத்தனர். காலையிலும் மாலையிலும் வாசலில் நீர் தெளித்தனர். அந்நீர் ஆவியாகும்போது தரையின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. கூரையோரம் ‘ஃபூரின்’ என்ற சிறு மணியைக் கட்டினர். அது வெப்பநிலையைக் குறைப்பதில்லை. ஆனால், அதன் ஒலி காற்று வீசுவதை நினைவூட்டி மனத்தைக் குளிர்விக்கிறது. வறுத்த வாற்கோதுமையில் காய்ச்சிய ‘முகிச்சா’ என்ற பானம் வீடுதோறும் குளிர்பெட்டியில் இருக்கும். அதில் தேயிலை இல்லை, காஃபீனும் இல்லை. ஆகவே, சிறுவரும் முதியவரும் நாள் முழுவதும் அதை அருந்தலாம்.

ஒருவர் மற்றவரின் நலம் விசாரிப்பதும் ஜப்பானியக் கோடையின் ஒரு பகுதி. வெயில் உச்சத்தில் இருக்கும் நாள்களில், “நலமாக இருக்கிறீர்களா?” என்று கேட்டு உறவினருக்கும் ஆசிரியருக்கும் அஞ்சலட்டை அனுப்பும் வழக்கம் உண்டு. அதற்கு ‘ஷொச்சூ மிமாய்’ என்று பெயர். பள்ளி விடுமுறையில் பல ஊர்களில் சிறுவர்கள் காலை ஆறரை மணிக்குப் பூங்காவில் கூடி, வானொலி இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்கின்றனர். 1928ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த வானொலிப் பயிற்சிக்குக் கட்டணமோ உறுப்பியமோ தேவையில்லை. ஆகஸ்டு நடுவில் முன்னோரை நினைவுகூரும் ‘ஓபோன்’ திருநாள் பல வட்டாரங்களில் நடைபெறும். அப்போது ஊர்மக்கள் மேடையைச் சுற்றி வட்டமாக நின்று ஆடுவர். அசைவுகள் எளியவை, முன்னால் ஆடுபவரைப் பார்த்துப் பின்பற்றினால் போதும். பெரும்பாலான ஊர்களில் வெளிநாட்டவரும் அவ்வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

இவ்வாறு சேர்ந்துகொள்பவருக்கு ஆட்டத்தைவிடப் பெரியதொரு பயன் கிட்டுகிறது. முகம் தெரிந்த அண்டைவீட்டார் கிடைக்கின்றனர். இரண்டு நாளாக ஒருவர் வெளியே வராவிட்டால், கதவைத் தட்டிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். தனியே வாழும் முதியவருக்கு இது எவ்வளவு தேவையோ, குடும்பத்தைப் பிரிந்து தனியறையில் வாழும் வெளிநாட்டு மாணவருக்கும் அவ்வளவு தேவை.

இரண்டு வழிகள்

ஜப்பானியக் கோடையை எதிர்கொண்ட வெளிநாட்டவரின் வரலாறு நூறாண்டுகளுக்கும் பழையது. கனடாவில் பிறந்த சமயப் பணியாளர் அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா, 1886ஆம் ஆண்டில் கருய்சாவா என்ற மலையூருக்குச் சென்றார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வூரின் குளிர்ச்சி அவரைக் கவர்ந்தது. 1888இல் அங்கு ஒரு கோடைக்கால வீட்டை அமைத்துக்கொண்டார். தோக்கியோவின் வெப்பத்தைத் தாங்க முடியாத மற்ற வெளிநாட்டவரும் அவரைப் பின்தொடர்ந்தனர். சிற்றூராக இருந்த கருய்சாவா, நாளடைவில் புகழ்பெற்ற கோடை வாழிடமானது.

எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் வேறொரு வழியில் சென்றார். கிரேக்கத் தீவொன்றில் பிறந்த அவர், 1890ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்தார். ஜப்பானியப் பெண்ணை மணந்து, 1896இல் அந்நாட்டின் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்ற பெயரையும் ஏற்றார். 1897 முதல் பல கோடைக்காலங்களை யாய்சு என்ற மீனவர் ஊரில் கழித்தார். அங்கு மீன் வணிகர் ஒருவரின் வீட்டு மாடியில் தங்கி, நாள்தோறும் கடலில் நீந்தினார். ஓபோன் ஆட்டத்தையும் சில்வண்டுகளின் ஒலியையும் பற்றி அவர் எழுதியவை உலகெங்கும் படிக்கப்பட்டன. கோடையிலிருந்து விலகிச் செல்லாமல், கோடையை நன்கு அறிந்த மக்களோடு அவர் வாழ்ந்தார்.

இன்று ஜப்பானில் வாழும் வெளிநாட்டவருள் மலையூருக்குச் சென்று கோடையைக் கழிக்கும் வசதி படைத்தோர் மிகச் சிலரே. தோட்டத்தில் காய்கறி பறிப்பவருக்கும், கட்டடத்தில் கம்பி கட்டுபவருக்கும், பகுதிநேர வேலை செய்து படிப்பவருக்கும் அவ்வழி திறந்திருக்கவில்லை. அவர்களுக்கு உரியது ஹெர்னின் வழிதான். உள்ளூராரிடம் கேட்டறிவதும், அவர்கள் செய்வதைக் கவனித்துச் செய்வதும், தளர்ச்சி ஏற்பட்டால் வெட்கப்படாமல் சொல்வதும் அவ்வழியின் படிகள்.

‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது பழமொழி. மரமும் கூரையும் மட்டும் நிழல் தருவதில்லை. புரியும்படி எழுதப்பட்ட ஓர் அறிவிப்பும், நலம் விசாரிக்கும் ஓர் அண்டைவீட்டாரும், தாகத்தோடு நிற்பவருக்கு நீட்டப்படும் ஒரு குவளை முகிச்சாவும் நிழலே. வெப்ப நாட்டில் பிறந்தவர் என்பதால் எவரும் எல்லா வெயிலையும் அறிந்தவர் ஆகிவிடுவதில்லை. ஒவ்வொரு நிலத்தின் வெயிலையும் அந்த நிலத்து மக்களிடமே கற்க வேண்டும். அதைக் கற்க முன்வருபவருக்கும், பொறுமையாகக் கற்றுத்தருபவருக்கும் கோடை பாதுகாப்பாகக் கழியும்.